தண்ணி எடுக்கிற கை

"பொம்மையைத் தோளிலை தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடட்டாம்! பிள்ளை, எனக்கு விசர் எண்டு நினைச்சீரோ?"

ஆண்டியப்பரின் சத்தம் சங்கக் கட்டடத்தின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. 'கோகுலன்' என்று பெயர் எழுதிய தன்னுடைய படகை முல்லைத்தீவுக் கரையில் இழுத்து விட்டுவிட்டு நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாரம் இன்னும் ஈரம் காயவில்லை.

பிரஷாந்தினி முதலுதவி பழக்கக் கிளிநொச்சியிலிருந்து பஸ் மாறி வந்தவள். நிலத்தில் கிடத்திய ரப்பர் பொம்மைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடியே, "முதல் படி அதுதான், ஐயா. ஆளுக்கு அறிவு இருக்கோ எண்டு பாக்கிறது," என்றாள்.

"ரப்பருக்கு அறிவு! நல்லாயிருக்கு."

கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிறவர்கள் முதலுதவிச் சான்றிதழ் காட்டினால்தான் இந்த வருடம் அனுமதி என்று கடற்றொழில் திணைக்களக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். எந்தச் சான்றிதழ் என்று மட்டும் சொல்லவில்லை. சங்கத்தில் சுழியோடிகள் இருபத்திரண்டு பேர். தலைவர் ஆண்டியப்பர் எதற்குக் கையெழுத்து வைக்கிறாரோ, அதைத்தான் அத்தனை பேரும் எடுக்கவேண்டும்.

"இவ மூண்டு நாள் கேக்கிறா, தலைவர். மூண்டு நாளும் தொழில் இல்லை," என்றான் செயலாளர் ரஜிதன். "இந்தா, ஃபோனிலை இன்னொண்டு இருக்கு. இருபது கேள்வி, அரை மணித்தியாலம். கலர் கலராய்ச் சான்றிதழ் வரும். எனக்கு நேற்றே வந்திட்டுது."

"நீ எழுதினனியோ?"

"மனிசி எழுதினவ. சோறு வடிச்சுக்கொண்டே பாஸ் பண்ணிப்போட்டா."

சுவரோரம் நின்ற சுழியோடிகள் சிரித்தார்கள்.

"அப்ப நடுக்கடலிலை ஒராளுக்கு மூச்சு நிண்டால், குசினியிலை இருந்து அவவைக் கூப்பிடுவியளோ, அண்ணா?" என்றாள் பிரஷாந்தினி. சிரிப்பு இன்னும் பலத்தது. அவள் சிரிக்கவில்லை. "தண்ணிக்குள்ளை இருந்து தூக்கின ஆளுக்கு மூச்சில்லையெண்டால் உடனை வாயாலை மூச்சுக் குடுக்கவேணும். நெஞ்சை அமத்தவேணும். வயித்தை அமத்தித் தண்ணி எடுக்கக்கூடாது."

ஆண்டியப்பர் கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார்.

"என்ன சொன்னனீர்? எடுக்கக்கூடாதோ? எங்கட அப்பன் காலத்திலை இருந்து மண்ணெண்ணெய் ட்றம்மிலை குப்புறப் போட்டு உருட்டித்தான் இந்தக் கரையிலை தண்ணி எடுக்கிறது. நுரை நுரையாய் வரும். கண்ணாலை கண்டிருக்கிறீரோ?"

"அது வயித்துத் தண்ணி, ஐயா. உருட்டிற நேரத்துக்குள்ளை ஆள் போயிடும்."

"போயிடுமோ? அப்ப ட்றம் உருட்டினவன் எல்லாம் கொலைகாரனோ? சொல்லும்!"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொன்னனீர்! இத்தினை வருசமாய் எந்தக் கந்தோர்க்காரன் இந்த மணலிலை கால் வைச்சு, இப்பிடிச் செய், அப்பிடிச் செய்யாதை எண்டு சொன்னவன்? ஒருத்தனும் இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சதை நாங்கள் செய்தம். இப்ப முத்திரை குத்தின கடதாசியோடை வந்து, செய்தது பிழை எண்டு சொல்லிப்போட்டு நீர் பஸ் ஏறிப் போயிடுவீர். நாங்கள் என்னெண்டு நித்திரை கொள்ளுறது?"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. "தலைவர், விடுங்கோ," என்றான் ரஜிதன் மெல்ல.

பிரஷாந்தினி விடவில்லை. "எத்தினை பேருக்குத் தண்ணி எடுத்தனீங்கள், ஐயா?"

"நாலு பேருக்கு. மூண்டு பேர் எழும்பினவங்கள்!" மூன்று விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூண்டு பேரும் இண்டைக்கும் தொழில் செய்யிறாங்கள்."

"அவைக்கு மூச்சு நிண்டிருக்காது, ஐயா."

நீட்டிய விரல்கள் மடங்கின. "கொண்டா பேனையை," என்று ரஜிதனிடம் கத்தினார். "ஃபோனே போதும். அது ஒருத்தரையும் பிழை சொல்லாது."

ஃபோன் சான்றிதழுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின் மேல் குனிந்தார். பேனை கடதாசியில் முட்டியது. அப்படியே நின்றது.

"உருட்டாமல், நீர் சொன்ன மாதிரி நெஞ்சை அமத்தினால்?" நிமிராமலே கேட்டார்.

"நிச்சயமாய்ச் சொல்லேலாது, ஐயா. ஆனால் உடனை தொடங்கினால், கன பேர் பிழைச்சிருக்கினம்."

வெளியே அலை இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. ஆண்டியப்பர் கடிதத்தைக் கசக்கி எறிந்தார்.

"மூண்டு நாளைக்கு ஒருத்தனும் கடலிலை இறங்கப்படாது! எல்லாரும் இஞ்சை நிக்கவேணும். ஃபோனிலை பாஸ் பண்ணினவனும்தான், விளங்கிச்சோ?" என்று உறுமினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொம்மைக்கு அருகே முழங்காலில் இருந்தார். "தள்ளும் பிள்ளை. முதல் நான் செய்யிறன்."

நெஞ்சில் வைக்கப்போன அவருடைய கையைப் பிரஷாந்தினி தடுத்தாள். "முதலிலை தட்டிக் கூப்பிடவேணும், ஐயா. ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்ச பேராய்ச் சொல்லுங்கோ."

கிழவர் பொம்மையின் தோளில் இரண்டு தரம் தட்டினார்.

"கோகுலன்," என்றார். "அப்பா இந்தமுறை உருட்டமாட்டன், மோனை. எழும்படா."