நல்ல நிலையில் உள்ளது

ஆய்வுக்கு வந்த கர்னல் ஜெயசீலனை நர்ஸ் ராஜம்மா முதலில் ஷாக் மெஷின் இருந்த அறைக்குத்தான் அழைத்துப் போனாள். வடக்குப்பட்டில் இருந்த அந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் பளபளவென்று இருந்தது அது ஒன்றுதான்.

"நின்னு போன நெஞ்சை ஓட வைக்கிற மெஷின் இல்லாமத்தானே போன வருஷம் ஒரு ஹவில்தார் இங்க செத்தாரு?" என்றார் கர்னல்.

"இப்போ இருக்குது சார்."

கர்னல் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. படிவத்தில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"காலையில பென்னலூர் ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரி புதுசாத்தான் வெச்சிருந்தாங்க. அடுத்து சிங்கப்பெருமாள் கோவில் போகணும்" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இடது தோளை நீவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க சார்." ஆபீஸ் அறையில் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள் ராஜம்மா. வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

இரண்டு மடக்குகூடக் குடித்திருக்க மாட்டார். டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது; நாற்காலியோடு சரிந்தார் கர்னல்.

"நாடித் துடிப்பே இல்ல! அந்த மெஷினைக் கொண்டாங்கம்மா!" என்று அலறினார் அவருடன் வந்த உதவியாளர்.

ராஜம்மா மெஷின் இருந்த அறைக்கு ஓடவில்லை. அட்டெண்டர் சாம்சனுக்குப் போன் போட்டாள்.

அவள் வாய் திறக்குமுன் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான்:

"இன்னாக்கா, அதுக்குள்ள போனு? பென்னலூர்லேர்ந்து உனக்குக் கரெக்டா கொண்டாந்தேன்ல? அதே மாதிரிதான். கர்னல் வர்றதுக்குள்ள சிங்கப்பெருமாள் கோவில்ல மெஷின் ரெடியா இருக்கும்!"