எட்டு இன்ச்சா, பன்னிரண்டு இன்ச்சா

அவன் காரின் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் சேர்மராஜ் டேப்பை நீட்டி அளந்தார். "எட்டு இன்ச் ஊஃபர் ஸ்பீக்கர்னா சீட்டுக்கு அடியிலயே போயிரும்ணே. பன்னெண்டுன்னா பாதி டிக்கியை அடைச்சிரும். வீட்டு வண்டிக்கு எட்டே தாராளம்."

"ரெண்டையும் கேட்டுப் பார்ப்போம்" என்றான்.

அவன் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்.

நேற்றுத்தான் வளைகாப்பு. இன்று அம்மா வீட்டுக்குப் போகிற வழி.

காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எழுந்ததும் வயிற்றருகே கையை வைத்து வளையலைக் குலுக்கினாள். நேற்று முழுக்க அந்தச் சத்தத்துக்குப் புரண்டு புரண்டு படுத்த பிள்ளை. இன்று கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சீனித்தண்ணீர் குடித்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

ஒன்றுமில்லை.

கோவில்பட்டிக்குள் வந்ததும் வண்டி ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியது. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட நினைத்தாள்.

வண்டி ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை. எதிர்த்தாற்போல் இருந்த கார் டெக்கார்ஸ் கடையில் போய் நின்றது.

"பாட்டுக்கு ஏதாச்சும் போட்டுட்டுப் போயிருவோம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பாட்டாம் பாட்டு! வண்டி வாங்கி வருஷமாகிறது. அன்றையிலிருந்து ரேடியோ செத்துக் கிடக்கிறது. அதை ஒரு நாள் தட்டிப் பார்த்தது உண்டா இந்த மனுஷன்?

வாயைத் திறந்து சொன்னால் போதும். ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

ஆனால் அங்கே ஸ்கேன் அறை இருக்கிறது. போன தடவை டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட அறை.

சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும். சொல்லாதவரை ஒன்றும் ஆகிவிடவில்லை.

"பெட்டியில ஆயிரம் வாட்ஸுன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அதை நம்பாதீங்க" என்றார் சேர்மராஜ். "ஆம்ப்ளிஃபயரு விடாம எவ்வளவு குடுக்குது, ஊஃபரு எவ்வளவு தாங்குது, அந்தப் பொருத்தம் பார்த்துத்தான் எடுக்கணும்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

எட்டு இன்ச்சை முன்சீட்டுக்கு அடியில் தள்ளி வயரைச் சொருகினார். பாட்டு கிளம்பியது. அதன் அதிர்வு அவள் பாதத்தில் குறுகுறுவென்று ஏறியது.

வயிற்றில் ஒன்றுமில்லை.

"போதுமாண்ணே?"

"பத்தாது."

"அப்ப மதினியை இறங்கச் சொல்லுங்க. மாசமா இருக்காங்க. பெருசு நல்லா அதிரும்."

"அவ இருக்கட்டும்" என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொண்டாட்டி எக்கேடு கெட்டால் என்ன, இவனுக்கு ஊஃபர்தான் முக்கியம்! இறங்கிப் போய்விடலாம் என்று கதவில் கை வைத்தாள்.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அதிரும் என்கிறாரே. அதிரட்டும்.

பன்னிரண்டு இன்ச் பெட்டி டிக்கியில் ஏறியது, அவள் முதுகுக்கு நேர் பின்னால். அதற்குத் தனியாக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர். அவன் சுற்றி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

தொம்.

தொம். தொம்.

கண்ணாடி நடுங்கியது. சீட்டு நடுங்கியது. அவள் கையை அசைக்கவே இல்லை, வளையல்கள் தாமாகவே கிலுகிலுத்தன.

வயிற்றில் ஒன்றுமில்லை.

"இன்னும் ஏத்துங்க" என்று கத்தினான். குரல் உடைந்திருந்தது.

போதும், நிறுத்துங்க என்று வாய்விட்டுத் திட்டத் திரும்பினாள்.

அவன் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை.

அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு மேல ஏத்துனா உள்ள காயில் கம்பி கருகிரும்ணே" என்று சேர்மராஜ் அணைத்துவிட்டார்.

காது இரைந்தது.

அவன் அவள் பக்கம் குனிந்தான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

"அசைஞ்சுதா?"

இன்று விடிகிற நேரத்தில் அவள் வயிற்றின்மேல் ஒரு கை கிடந்தது. தூக்கத்தில் போட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

பாவி. இவனும் இதைத்தான் காலையிலிருந்து சுமந்துகொண்டு வந்திருக்கிறானா? ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு, பயந்து, இங்கே திருப்பியிருக்கிறான்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லை என்று தலையாட்டினாள். அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

சேர்மராஜ் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "எதைப் போடட்டும்ணே? எட்டா, பன்னெண்டா?"



அப்போது உள்ளேயிருந்து ஒரு உதை.

சின்னதுதான். அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

சேர்மராஜ் பதறிப்போனார். "ஐயையோ, கரண்டு அடிச்சிருச்சாண்ணே? எர்த் சரியாத்தானே குடுத்தேன்!"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

"வாங்க" என்று கையை நீட்டினாள்.

இருவரும் ரோட்டைக் கடந்து அந்த ஸ்கேன் அறையைப் பார்த்து நடந்தார்கள். வண்டி, டிக்கி திறந்தபடி, கடை வாசலிலேயே நின்றது.