லடாக் வண்டியும் இரண்டு பொட்டலங்களும்

முந்தானையில் முடிந்திருந்த நந்தியாவட்டைப் பூக்களை இறுகப் பிடித்துக்கொண்டு, பாப்பாயி திருடியைப்போலக் கருப்பனார் கோயிலுக்குள் நுழைந்தாள். பூசாரி அர்த்தனாரி ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். சாமியையே ஏமாற்றுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வண்டியால் வந்த வினை. அவள் புருஷன் சென்றாயன் நான்கு வருஷமாக ஒரு பழைய மிலிட்டரி டிரக்கைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, அவனைவிட வயதில் மூத்த வண்டி.

"லடாக் போறேன். பனியோ மணலோ ஆறோ, எதுல எறக்குனாலும் ஏறி வந்துரும். ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் இருக்குது, தெனமும் போன் பண்றேன் புள்ள" என்பான்.

மாடுகளைப் பலாமரத்தடிக்குத் துரத்திவிட்டு, கொட்டகையை வண்டிக்குக் கொடுத்தான். சுவரில் லடாக் மேப். வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க். சேற்றில் மாட்டினால் மரத்தில் கம்பி கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள முன்னால் ஒரு வின்ச். ஒரு சாமான் வேண்டுமென்றால்கூட, பாப்பாயியின் தம்பி செங்கோடன்தான் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிச் சேலத்துக்கு ஓட வேண்டும்.

"நீங்களே போய்ப் பாத்து வாங்குனா என்னங்க?"

"பெத்த புள்ளையத் தனியா உட்டுட்டுப் போவாங்களா?" என்று பானெட்டைத் தடவுவான். செம்மேட்டுச் சந்தையில் அவனுக்கு 'லடாக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்த ஊரில் பெண் பார்க்கப் போவதானாலும், பயணம் கிளம்புவதானாலும், கருப்பனாரிடம் பூப்போட்டுக் கேட்காமல் நடக்காது. ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இனி அடுத்த தைதான்.

போன தையிலும் சிவப்பு. அதற்கு முந்தின தையிலும் சிவப்பு. முதல் தடவை பாப்பாயிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இரண்டாம் தடவைதான் மனசு கேட்கவில்லை. "சாமி சொன்னாச் சரிதான்" என்று வந்து படுத்தவன் தலையோடு போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அந்தப் போர்வை குலுங்கியதைப் பார்த்து அவளும் அழுதாள்.

மூன்றாம் தடவையும் சிவப்பு வந்தால் மனுஷன் உடைந்தே போவான். போய்த் தொலையட்டும், பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும் என்று முடிவு கட்டித்தான் இன்று பூவோடு வந்திருந்தாள்.

சாமி காலடியில் பூசாரி மடித்து வைத்த பொட்டலங்கள் தயாராக இருந்தன. ஒன்றைப் பிரித்தாள். செவ்வரளி. சரி, வெள்ளை மற்றதில் இருக்கும். அதையும் பிரித்தாள்.

அதிலும் செவ்வரளி!

"அடப்பாவி மனுசா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். வாராவாரம் பூசாரியின் அன்னாசிக் கூடைகள் இந்த டிரக்கில்தான் செம்மேட்டுக்கு ஓசியில் போகின்றன. சென்றாயன் அதற்கு 'ட்ரையல்' என்று பெயர் வைத்திருந்தான். வண்டி லடாக் போய்விட்டால் கூடையை யார் சுமப்பது? பழத்துக்காக ஒரு மனுஷனின் ஆசையில் மண்ணைப் போடுவதா?

செவ்வரளியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தாள். "குத்தம்னா என்னைய மட்டும் கேளு சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பத்து மணிக்கு ஊரே கூடிவிட்டது. டிரக்குக்குச் சந்தனம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். காக்கி உடுப்பும் பூட்ஸுமாகச் சென்றாயன் வண்டிப் படியில் ஏறி நின்றான்.

"சாமி மட்டும் உத்தரவு குடுக்கட்டும், இப்படியே கெளம்பறேன்! மத்தியானம் அடிவாரத்துல காரவள்ளி, ராத்திரி பெங்களூரு! எவன் தடுக்கறான்னு பாக்கறேன்!"

கூட்டம் விசிலடித்தது. ஒரு சின்னப் பெண் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்க, பூசாரி அலட்சியமாகப் பிரித்தார்.

வெள்ளை.

"கருப்பனே உத்தரவு குடுத்துட்டாருடோய்!" என்று கத்திக்கொண்டு செங்கோடன் ஓடிவந்து மாமன் கழுத்தில் மாலையைப் போட்டான். பூசாரி பேயறைந்தவர்போல நின்றார். அந்தப் பக்கமாகத் திரும்பி மற்ற பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார். அதுவும் வெள்ளை. நல்லா வேணும் என்று பாப்பாயி மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

சென்றாயன் வண்டிப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நாலு வருஷக் கனவாயிற்றே, சந்தோஷம் தாங்கவில்லை என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மாலையும் கழுத்துமாக அவன் தள்ளாடி நடந்துபோய்ப் பூசாரியின் காதருகே குனிந்தான். திருநீற்றுக்குக் கை நீட்டியபடி நின்ற பாப்பாயிக்கு மட்டும் அது கேட்டது.

"ஏனுங்க பூசாரி, வருசா வருசம் மாதிரி ரெண்டுலயும் செவப்புத்தானுங்களே வெக்கச் சொன்னேன்?"