கவிழ்த்து எடுக்கும் படம்

தங்கச்சி கேக்குக்குக் கிரீம் பூசும் சுழல்தட்டில் கறுப்புத் துணி விரித்து, எண்ணூர்ச் சேற்றில் கிடைத்த மண்டையோட்டை வைத்திருக்கிறான் பிணவறைப் படக்காரன் ஃப்ரெடி. விரலகலம் திருப்பி ஒரு படம், மறுபடி விரலகலம் திருப்பி இன்னொரு படம். இவையெல்லாம் சேர்ந்துதான் கணினியில் முப்பரிமாண உருவமாகும். ஜன்னல் வெயில் பல்வரிசையில் ஏறி இறங்குகிறது. வெளியே கூட்ஸ் வண்டி ஊதுகிறது. சாத்தாங்காட்டு இரும்புக்கடைக்குப் போன காலித் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. மூச்சிரைப்புக்கு அவர் வாயில் அடித்துக்கொள்ளும் வீசிங் பம்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள் மனைவி உமைமா. "இது எங்க வூட்டுக்காரரு இல்ல தம்பி." காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஃப்ரெடி தலையாட்டுகிறான். மேல்பக்கம் முடிந்தது, இனி அடிப்பக்கம். இரண்டு கையாலும் தூக்கி, மெல்லக் கவிழ்த்து வைக்கிறான். உமைமா எழுந்து ஓடி வருகிறாள். "கவுக்காத தம்பி, கவுக்காத! அவருக்கு மூச்சு முட்டும்."