தோல் குடிக்கட்டும்

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதலாளியின் கன்னங்கள், யாரோ பிடித்துக் கிள்ளியது போல் சிவந்திருந்தன.

திரைக்கு அந்தப் பக்கம், சரக்கு வாங்க வந்த விற்பனையாளர்கள் நாற்காலிகளை நிறைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையின் பின்சுவரில் அவருடைய முகம் சுவரளவுக்குத் தொங்கியது. அந்த முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. அதற்குக் கீழே கம்பெனியின் மந்திரம்: 'தோல் குடிக்கட்டும்!'

அவருடைய முகச்சாரலின் விதியே அதுதான். பாட்டிலின் தலையை அழுத்தினால் புகை போல் தண்ணீர் வரும். முகத்தில் படவிட வேண்டும். துடைக்கக் கூடாது. மேலே எதையும் பூசக் கூடாது. மிச்சத்தைத் தோல் பார்த்துக்கொள்ளும்.

காலையிலிருந்து முதலாளியும் விதி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு, ஏசிக்கு நேராக முகத்தை நீட்டிக் காயவிட்டார். அடித்த நிமிடம் சொர்க்கம். காய்ந்ததும், சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல் முகம் இறுகியது. உடனே அரிப்பு. மறுபடி சாரல்.

"கன்னத்துல ஒரு நல்ல களை தெரியுது சார்" என்றார் மேலாளர். மேலாளர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் மேடையேற வேண்டும். பெரிய திரையில் முகத்தை நெருக்கத்தில் காட்டுவார்கள். அவரே தன் கையால் தன் முகத்தில் சாரல் அடித்துக் காட்டுவதாக ஏற்பாடு. எக்ஸிமா என்கிற தோல் அரிப்புக்காரர்களுக்கென்றே பிறந்த சாரல் என்று பெட்டி பெட்டியாக அச்சடித்தாகிவிட்டது. இந்த முகத்தோடு ஏறினால், வாங்க வந்தவர்கள் வந்த வழியே போய்விடுவார்கள். கம்பெனியும் அவர்கள் பின்னாலேயே போய்விடும்.

மேக்கப் பெண் பவுடரைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். அது செதில் செதிலாக எழுந்து நின்றது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் முதலாளியின் மனைவி வந்தாள்.

வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்பு போட்டுக் கை கழுவினாள். பிறகு அவர் மோவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, கத்தரிக்காய் வாங்க வந்தவள் போல் அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தாள்.

"தோல் ஒண்ணும் குடிக்கலைங்க. காத்துதான் குடிக்குது. போற போக்குல, தோல்ல இருந்த ஈரத்தையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிடுது."

அவள் கைப்பையைத் திறந்ததும் முதலாளி பதறினார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. யாராவது பாத்தா மானம் போயிடும்."

மேலாளர் உடனே கூரையை ஆராயத் தொடங்கினார். அனுபவசாலி.

அவள் முதலில் எடுத்தது, மேசைமேலிருந்த அவருடைய பாட்டிலையே. தாராளமாக அடித்தாள். முதலாளி கண்களை மூடி, சின்னப் பிள்ளை போல் 'ஆ' என்றார். அந்தக் குளிர்ச்சி மட்டும் பொய்யில்லை. அரிப்புத் தாங்காமல் பள்ளிக்கூடச் சுவரில் கன்னத்தை உரசிக்கொண்டு நின்ற ஒரு பையன், அந்த ஒரு நிமிட நிம்மதிக்காகத்தான் வளர்ந்து இவ்வளவு பெரிய கம்பெனியைக் கட்டினான். அவளுக்கு அது தெரியும். பாட்டிலை மெதுவாகத்தான் கீழே வைத்தாள்.

ஈரத்தைக் காய விடவில்லை. பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாவிலிருந்து களிம்பை வழித்து நெற்றியிலும் கன்னத்திலும் மோவாயிலும் வைத்தாள். தேய்க்கவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவது போல் போர்த்திவிட்டாள்.

சிவப்பு முழுதாகப் போகவில்லைதான். ஆனால் செதில்கள் படிந்தன. சொறியக் கிளம்பிய கை பாதி வழியில் திரும்பி மடியில் உட்கார்ந்தது. மிச்சச் சிவப்பை மேக்கப் பெண் சந்தோஷமாக மறைத்தாள்.

மேடையில் முதலாளி வேறு ஆளாகிவிட்டார்.

"இனிமேல் எந்த வீட்டிலும் களிம்பு டப்பாவுக்கு வேலை இல்லை! பிசுபிசுவென்று எதையாவது எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்களே, அந்த டாக்டர்களும் பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்!"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் அவளும் சிரித்தாள். ஒப்புக்கு அல்ல, கண்ணில் நீர் வர.

அடுத்து சாரல். திரை முழுக்க ஒரே ஒரு கன்னம். பட்ட துளிகளெல்லாம் முத்து முத்தாக அதன்மேல் உருண்டு நின்றன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. போவதற்கு வழியில்லை. வழியெல்லாம் களிம்பு.

"பாருங்கள், தோல் குடிக்கிறது!"

கைதட்டலில் கூரை பிய்ந்துகொண்டு போனது. அவளும் கை வலிக்கத் தட்டினாள்.

கைதட்டலுக்கு நடுவே அவளுடைய செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தாள். குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"சொல்லுங்கம்மா, டாக்டர்தான் பேசறேன். பாப்பா ரொம்ப சொறியறாளா? அந்த ஸ்ப்ரேயைத் தூக்கிப் போட வேண்டாம், ஆசையா வாங்கியிருக்கீங்க, அடிங்க. அது காயறதுக்குள்ள நான் எழுதிக் கொடுத்த களிம்பைத் தடவிடுங்க, அவ்வளவுதான். அட, அழாதீங்கம்மா. இதே மாதிரி ஒருத்தருக்கு இப்பதான் தடவி அனுப்பினேன். ஜம்முனு நின்னு என்னைத் திட்டிட்டிருக்கார்."