வீட்டு ஆள்

மருத்துவமனையின் கணினி அறையில் வசுமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருபவர்களின் பெயர்ப் பட்டியல் அகரவரிசையில் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, யாரு எடுக்குறது?" என்றான் உடன் வேலை பார்க்கும் தாவூது.

"நம்ம வெப்சைட் சர்வர்தான். வெளியில எவனோ இந்த லிஸ்ட் இருக்குற அட்ரஸ அதுக்குக் குடுத்து, போய் எடுத்துட்டு வான்னிருக்கான். அதுவும் எடுத்துக் குடுக்குது."

"பாஸ்வேர்டு கேக்காதா?"

"வெளியாள்கிட்டதான் கேக்கும்."

உள்ளிருந்து வரும் கோரிக்கைகளை அப்படியே விடச் சொல்லி விதி எழுதியவள் அவள்தான். வீட்டு ஆளை வாசலில் நிறுத்தி யார் என்று கேட்பார்களா?

இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் அதே இணைப்பில்தான் வெளியூர் மருத்துவர் ஒருவர் அறுவை அரங்குக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வயிறு திறந்து கிடந்தது. "தையல் முடியட்டும், அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

"கழுத, மத்த நாள்ல இவ்ளோ வேகமா வேலை செஞ்சிருக்கா?" என்ற தாவூது, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். "நல்லவேளைக்கா, நம்ம ஆளுங்க யாரும் இதுல இல்ல."

'ம' முடிந்து 'ய' தொடங்கியது; 'வ' வர இடையில் இன்னும் இரண்டே எழுத்துகள். வசுமதி திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.