ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி

குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் துருவனும் ஹர்ஷிதாவும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் பெயர் கூப்பிடவில்லை.

நொச்சி என்ற கணினி மொழி பிறந்த புதிதில், அதன் இணைய உதவிக் குழுவில்தான் இருவரும் பழகினார்கள். காலி லிஸ்ட் வந்தால் தன் புரோகிராம் நின்றுவிடுகிறது என்று அவள் கேட்டிருந்தாள். அவன் பதில் எழுதினான். அந்தப் பேச்சு கல்யாணம்வரை வந்தது. பிறகு கேள்விகள் மலைபோல் குவிய, அவன் குழுவுக்காக ஒரு கருவி செய்தான். முன்பே யாராவது கேட்ட கேள்வி என்றால், எவர் கண்ணிலும் படுமுன் அதுவே பழைய பதிலைக் கொடுத்து மூடிவிடும். எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது அந்தக் குழுவில் மனிதருக்கு மனிதர் பதில் சொல்வதே இல்லை.

"பொங்கலப்போ குழுவுல ஒரு கேள்வி போட்டேன்" என்றாள் ஹர்ஷிதா.

"நீயா? என்ன கேட்டே?"

"அதே காலி லிஸ்ட்தான். ஒரு வார்த்தைகூட மாத்தல. நீ பார்த்துட்டு சிரிப்பே, ஃபோன் பண்ணுவேன்னு நெனச்சேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு வரவே இல்லையே, ஹர்ஷி."

"தெரியும். உடனே பதில் வந்துடுச்சு. நீ அன்னைக்கு எழுதினதேதான். இருந்தாலும் நீ வருவேன்னு ஒரு வாரம் பார்த்தேன். பிரச்சினை தீர்ந்ததான்னு உன் கருவி கேட்டுட்டே இருந்துச்சு. ஆமான்னு அமுக்கிட்டு, வக்கீலைப் பார்க்கப் போனேன்."